கூழையானை போன பெருவழி

கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு சாலைக்குக் கூழையானை போன பெருவழி என்று பெயர் இருந்திருக்கிறது. கல்வெட்டில் உள்ள பெயர். கட்டையான யானை ஒன்று என்றோ அந்த வழியாகப் போயிருக்கிறது. ஊர் அதை மறக்கவில்லை. அதே நகரத்தில் ராஜராஜன் பெருவழி என்று ஒன்று இருந்தது, ராஜேந்திரன் பெருவழி என்று ஒன்று இருந்தது. இரண்டு பேரரசர்களின் பெயர் தாங்கிய சாலைகளோடு ஒரு குட்டை யானையின் பெயரிலும் சாலை. அரண்மனையில் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயராக அது தெரியவில்லை. தெருவோரம் நின்று பார்த்தவர்கள் வைத்த பெயர்.

ஊர்ப்பெயர்களைத் தேடிப் போகிறவர்களுக்கு இந்த இரண்டு வகைப் பெயர்களும் வேண்டும். மேலிருந்து இறங்கிய பெயரும் வேண்டும், மண்ணிலிருந்து முளைத்த பெயரும் வேண்டும். ஆயிரம் ஆண்டு கழித்து இவற்றில் எது தங்கியிருக்கிறது என்று பார்க்கத்தான் ஒரு தை மாதத்தில் கும்பகோணத்தில் இறங்கினேன். அங்கிருந்து கொள்ளிடம் தாண்டி, கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்றூர்கள் வழியாக வீராணம் ஏரிக்கரை வரைக்கும் போவதாகத் திட்டம்.

கும்பகோணமே பெயர் மாறிய ஊர்தான். தேவாரம் பாடியவர்களுக்கு அது குடமூக்கு. குடம் கும்பமானது, மூக்கு கோணமானது. இந்தப் பக்கத்தில் இப்படி வடமொழிக்குப் பெயர்த்த ஊர்கள் ஏராளம். மறைக்காடு வேதாரண்யம் ஆனது; முதுகுன்றம் விருத்தாசலம் ஆனது. திருவெண்காட்டையும் புராணங்கள் சுவேதாரண்யம் ஆக்கிப் பார்த்தன. ஆனால் ஜனங்களின் வாயில் அது ஏறவே இல்லை, இன்றைக்கும் பஸ்ஸில் வெண்காடு என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள். மாயூரம், மாயவரம் என்று வழங்கிய ஊர் 1982இல் அரசாணையால் மயிலாடுதுறை என்ற பழம்பெயருக்குத் திரும்பியது. பெயர்த்த பெயர் ஒரு ஊரில் ஒட்டிக்கொள்கிறது, பக்கத்து ஊரில் உதிர்ந்துபோகிறது. ஆட்சியில் இருப்பவர்கள் ஒரு பெயரை எழுதி வைக்கலாம். அதைக் கூப்பிடுவது வேறு யாரோ.

கூப்பிடுகிற நாக்கு ஒரு பெயரை என்ன செய்யும் என்று பார்க்கக் கும்பகோணத்தை ஒட்டியுள்ள தாராசுரம் போதும். இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயிலுக்கு ராஜராஜேச்சரம் என்று பெயர், ஊருக்கு ராஜராஜபுரம். ராஜராஜபுரம் தேய்ந்துதான் தாராசுரம் ஆனது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. சோழ நாட்டின் மிகப் பெரிய பெயரே எழுத்தெழுத்தாகக் கரைந்திருக்கிறது. கரைத்தவர்களுக்கு ராஜராஜன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. தினமும் பலமுறை சொல்லவேண்டிய பெயர், சுருங்கிவிட்டது.

அங்கிருந்து பழையாறைப் பக்கம் போனால் கதை வேறு. பழையாறை சோழர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த நகரம். இன்று வயலும் தோப்பும் சில பழைய கோயில்களும்தான். மாளிகை எங்கே என்று கேட்டால் காட்ட ஒரு சுவர்கூட இல்லை. ஆனால் பக்கத்து ஊருக்குச் சோழன்மாளிகை என்று பெயர். சுற்றிலும் ஆரியப்படைவீடு, பம்பப்படையூர், மணப்படையூர், புதுப்படையூர். நான்கு பெயரிலும் படை இருக்கிறது. நகரத்தைச் சுற்றி நான்கு படைவீடுகள் இருந்தன என்று அந்த ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடப் பாடம்போலச் சொல்கிறார்கள். சோழர் வரலாற்றை எழுதியவர்களும் அதை ஏற்கிறார்கள். மணப்படையூர் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்த அம்மாள் ஒருவரிடம் ஊர்ப்பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "படை இருந்த எடந்தான் தம்பி. இப்ப நாங்க இருக்கோம்" என்றார். படையூர் என்ற சொல்லுக்கு இதைவிடச் சுருக்கமான வரலாற்றை நான் படித்ததில்லை.

தமிழில் இந்தத் துறைக்குப் பாதை போட்டவர் ரா.பி. சேதுப்பிள்ளை. அவருடைய 'தமிழகம் ஊரும் பேரும்' 1946இல் வந்தது. காடும் மலையும் குளமும் குடியும் கோயிலும் குலமும் ஊர்ப்பெயரில் எப்படிப் படிந்திருக்கின்றன என்று வகைப்படுத்தி எழுதினார். மேடையில் பேசுகிற நடையில் எழுதியதால் அதை ஆய்வு நூல் என்று ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஊர்ப்பெயரைக் கேட்டதும் ஏன் இந்தப் பெயர் என்று கேட்கும் பழக்கத்தை ஒரு தலைமுறைக்கே உண்டாக்கிய புத்தகம் அது. அவருக்குப் பின் வந்தவர்கள் கல்வெட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கண்டிப்பைச் சேர்த்தார்கள். கி. நாச்சிமுத்துவின் 'தமிழ் இடப்பெயராய்வு' அந்த வரிசையில் முக்கியமானது. 1890 முதல் வெளிவந்துகொண்டிருக்கும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் இருப்பதால், ஒரு ஊரின் பெயர் 11ஆம் நூற்றாண்டில் எப்படி எழுதப்பட்டது என்று வீட்டில் இருந்தே பார்த்துவிட முடியும். ஆனால் அந்தப் பெயர் எந்த மேட்டில், எந்த ஓடையின் வளைவில் இருக்கிறது என்று புத்தகத்தில் தெரியாது. அதற்குப் போய் நிற்கவேண்டும்.

கும்பகோணத்திலிருந்து திருப்பனந்தாள் வழியாகப் போகும் பஸ் அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டுகிறது. 1836இல் ஆர்தர் காட்டன் முன்னின்று கட்டிய கீழணை இங்கேதான். அணைக்கட்டு என்ற நம் சொல்லை வெள்ளைக்காரர்கள் அனிகட் என்று தங்கள் மொழியில் சேர்த்துக்கொண்டார்கள். நீர்ப்பாசனப் பொறியாளர்கள் அந்தச் சொல்லையே எழுதினார்கள். அணை வந்த பிறகு ஊருக்கு அணைக்கரை என்ற பெயரும் நிலைத்தது.

இந்த அணைக்கு இன்னொரு பக்கம் உண்டு. கட்டக் கல் தேவைப்பட்டபோது கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் திருச்சுற்று மதிலையும் கட்டடங்களையும் இடித்துக் கல் எடுத்து வந்தார்கள். பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்தால் தண்ணீருக்குள் எது சோழர் கல், எது வேறு கல் என்று பிரித்தறிய வழியில்லை. டெல்டாவின் விவசாயத்துக்கு அந்த அணை செய்த நன்மை பெரிது. ஆனாலும் அங்கே நின்றபோது எனக்கு வயிறு எரிந்தது. மலையே இல்லாத ஊரில், தொலைவிலிருந்து கொண்டுவந்து அடுக்கிய கல் அது.

முதலாம் ராஜேந்திரனின் படை 1023ஆம் ஆண்டையொட்டிக் கங்கைவரை சென்று மீண்டது. அந்த வெற்றியைச் சொல்ல எழுந்த நகரம் கங்கைகொண்ட சோழபுரம். ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகரமாக இருந்தது. இன்று கோயில் இருக்கிறது. யுனெஸ்கோ 2004இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் விமானத்தைப் பார்த்து, சிங்கமுகக் கிணற்றைப் பார்த்து, புல்வெளியில் படம் எடுத்துக்கொண்டு தஞ்சாவூருக்கோ சிதம்பரத்துக்கோ கிளம்பிவிடுகிறார்கள். நகரத்தைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். நகரம் இன்னமும் இருக்கிறது. அதைப் பார்க்க ஊர்ப்பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடக்கவேண்டும்.

கோயிலுக்குத் தென்மேற்கே உட்கோட்டை. கல்வெட்டுகள் ராஜேந்திரசோழன் மதில் என்றும் உட்படைவீட்டு மதில் என்றும் கோட்டைச் சுவர்களைக் குறிக்கின்றன. சுவர் போய்விட்டது, அது எதை உள்ளே வைத்திருந்தது என்ற செய்தியை ஊர்ப்பெயர் வைத்திருக்கிறது. உட்கோட்டையை ஒட்டி மாளிகைமேடு. 1980களில் தமிழகத் தொல்லியல் துறை இங்கே அகழ்ந்தபோது அரண்மனையின் செங்கல் அடித்தளம் வெளிப்பட்டது. 2021 முதல் மறுபடியும் தோண்டியபோது இன்னும் நீளமான சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள். அகழாய்வுக்குப் போனவர்கள் இடத்தைத் தேடி அலையவில்லை. மாளிகை இருந்த மேடு மாளிகைமேடு என்று அந்த ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

குழி ஓரமாக நின்று பார்த்தேன். இன்றைய சூளைச் செங்கல்லைவிடப் பரந்த, தட்டையான செங்கல். இரண்டு வரிசைக்கு இடையில் சுண்ணாம்புச் சாந்து வெளுத்துத் தெரிந்தது. சில இடங்களில் சுவரே இல்லை, சுவர் இருந்த பள்ளம் மட்டும் நேர்கோடாக ஓடியது. செங்கல்லை உருவிக்கொண்டு போன தடம். பக்கத்தில் ஆடு ஓட்டி வந்த பெரியவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க தாத்தா காலத்துல வூடு கட்டணும்னா சூளைக்கு யாரும் போனதில்ல தம்பி. மம்பட்டி எடுத்துக்கிட்டு மேட்டுக்குத்தான் போவாங்க." குற்ற உணர்வோ பெருமையோ அவர் குரலில் இல்லை. ராஜேந்திரனின் அரண்மனை உட்கோட்டையிலும் சுற்று ஊர்களிலும் வீட்டுச் சுவராக நிற்கிறது, அவ்வளவுதான்.

"அந்தாண்ட என்ன ஊருங்க பெரியப்பா?" என்று கேட்டுக்கொண்டே அவரோடு கொஞ்ச தூரம் நடந்தேன். கம்பை நீட்டி நீட்டிக் காட்டினார். மெய்க்காவல்புத்தூர். ஆயுதக்களம். சுண்ணாம்புக்குழி. தொட்டிகுளம். இடைக்கட்டு. வாணதிரையன்பட்டினம். வீரசோழபுரம். வரைபடத்தில் இந்தப் பெயர்களைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒருவர் கம்பால் திசை காட்டிச் சொல்லும்போது அவை நகரமாக எழுந்து நின்றன. மெய்க்காவல் என்றால் அரசனின் உடலைக் காக்கும் படை. அவர்களுக்குப் புதிதாக அமைத்த குடியிருப்பு மெய்க்காவல்புத்தூர். ஆயுதக்களம் ஆயுதம் புழங்கிய இடம். இவ்வளவு செங்கல்லைக் கட்டி எழுப்பச் சுண்ணாம்பு எவ்வளவு வேண்டியிருக்கும். அது பக்குவமான இடம் சுண்ணாம்புக்குழி. வாணதிரையர் என்பது சோழரின் கீழ் அதிகாரம் செலுத்திய வாணர் குலத் தலைவர்களின் பெயர். ஒரு தலைநகரத்துக்குக் காவல் வேண்டும், ஆயுதம் வேண்டும், சுண்ணாம்பு வேண்டும், பெருந்தலைகளுக்குத் தனிக் குடியிருப்பு வேண்டும். நான்கும் கோயிலைச் சுற்றிச் சில மைல்களுக்குள் பெயராகக் கிடக்கின்றன.

கோயில் கல்வெட்டுகளில் இருக்கும் பெயர்களையும் கையில் எழுதி வைத்திருந்தேன். சோழகேரளன் திருமாளிகை, முடிகொண்டசோழன் திருமாளிகை, குலோத்துங்கசோழன் திருமதில் பெருவழி, விளாங்குடையான் பெருவழி, வேம்புக்குடி வாசல். ஒவ்வொன்றாகப் பெரியவரிடம் சொல்லிப் பார்த்தேன். சோழகேரளன் அவருக்குத் தெரியாது. முடிகொண்டானும் தெரியாது. பெருவழி என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை. "வேம்புக்குடியா? தெக்கால போவணும்" என்றார் சட்டென்று. கோட்டையின் தென்வாசலுக்கு அந்தப் பெயர் வந்ததே அது வேம்புக்குடியை நோக்கித் திறந்ததால்தான். வாசல் இல்லை, வாசலை வைத்த மதில் இல்லை, அகழி தூர்ந்துவிட்டது. எந்த ஊரைப் பார்த்து அந்த வாசல் திறந்ததோ அந்த ஊர் இருக்கிறது.

ராஜேந்திரன் வெட்டிய பெரிய ஏரியின் கதையும் இதோடு சேர்ந்தது. கங்கை நீரைக் கொண்டுவந்து ஊற்றியதாக, நீரால் ஆன வெற்றித்தூணாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு அதைப் புகழ்கிறது. அவன் வைத்த பெயர் சோழகங்கம். இன்று பொன்னேரி. கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பையன்களுக்குச் சோழகங்கம் என்ற பெயர் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்து தெரிந்திருந்தது. வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்றார்கள். விளைச்சல் தரும் ஏரியைப் பொன்னேரி என்று கூப்பிட அவர்கள் வீட்டுக்காரர்களுக்குக் கங்கைப் படையெடுப்பு தேவைப்படவில்லை.

அரசன் வைத்த பெயரெல்லாம் போய்விட்டது, ஜனங்கள் வைத்த பெயரெல்லாம் நின்றுவிட்டது என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது. உண்மை அவ்வளவு நேர்கோடாக இல்லை. கங்கைகொண்ட சோழபுரம் என்ற பெயரே அரசன் வைத்ததுதான். ஜெயங்கொண்டமும் சோழர் பட்டப்பெயர்தான். ஊர் அளவில் அரச பெயர்கள் தேய்ந்தோ முழுசாகவோ நின்றிருக்கின்றன. அதற்குக் கீழே போகப் போக, அதாவது ஏரி, மேடு, குழி, களம், ஓடை என்று இறங்க இறங்க, அங்கே என்ன வேலை நடந்தது என்று சொல்லும் பெயர்தான் மிஞ்சுகிறது. அதற்கும் கீழே ஒரு அடுக்கு உண்டு. அதுதான் வயல்களின் பெயர். என் கவலை முழுதும் அந்த அடுக்கைப் பற்றியதுதான்.

டெல்டாவில் ஒவ்வொரு வயலுக்கும் பெயர் இருந்தது. எட்டுமா, நடுத்தாக்கு, கோரைத்திடல், பள்ளக்கால், தச்சன் மானியம், கூத்தாடி மானியம். இருபது மா ஒரு வேலி. எட்டுமா என்றாலே பரப்பு தெரிந்துவிடும். கோரைத்திடல் என்றால் உழவுக்கு முன் கோரையோடு மல்லுக்கட்டவேண்டும் என்று தெரியும். கூத்தாடி மானியம் என்ற பெயர் எங்கே கிடைத்தாலும் நான் நின்றுவிடுவேன். இதே அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக்கரைக் காமரசவல்லிக் கோயிலில், சாக்கைக்கூத்து ஆடியவருக்கு நிலம் கொடுத்ததைச் சொல்லும் சோழர் காலக் கல்வெட்டு இருக்கிறது. ஊரில் கூத்து நடந்தது, அதற்குச் சம்பளம் நிலமாகக் கிடைத்தது என்பதை அந்த ஒரு வயற்பெயர் தாங்கி நிற்கிறது.

வெள்ளைக்காரர் கால நில அளவையில் வயலுக்கு எண் வந்தது. புல எண், உட்பிரிவு எண். வரி வாங்க அது போதும். ஆனாலும் பெயர்கள் உடனே சாகவில்லை. கிராமக் கணக்குப்பிள்ளை எண்ணுக்கும் பெயருக்கும் நடுவில் பாலமாக இருந்தார். 112/3 என்றால் அவருக்கு அது நடுத்தாக்கு. 1980இல் பரம்பரை கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. அந்தப் பதவிகள் சாதியும் அதிகாரமும் பின்னிக் கிடந்த இடம், ஒழித்தது சரியே. ஆனால் அவர்கள் வாயில் இருந்ததை எழுதி வாங்கிவிட்டு அனுப்பியிருக்கவேண்டும். புதிதாக வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் வெளியூர்க்காரர்கள், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிறவர்கள். அவர்களுக்கு 112/3 என்பது 112/3 மட்டுமே.

பெயர்கள் கொஞ்சம் மிச்சமிருப்பது பழைய கிரயப் பத்திரங்களில். மாளிகைமேட்டுக்குக் கிழக்கே ஒரு வீட்டில் திண்ணையில் உட்காரவைத்து, டிரங்குப் பெட்டியிலிருந்து தாத்தா காலத்துப் பத்திரம் ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். மடிப்புகளில் கிழிந்து, பின்பக்கம் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தது. சொத்து விவரத்தில் நான்கெல்லை. இன்னார் கொல்லைக்குத் தெற்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு, முந்திரிக் கொல்லைக்கு வடக்கு, ஓடைக்குக் கிழக்கு. படிக்கும்போது செப்பேடு படிப்பதுபோலவே இருந்தது. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தபோது சோழ அதிகாரிகள் எல்லையை அப்படித்தான் எழுதினார்கள். இன்னின்ன வாய்க்காலுக்கு மேற்கு, இன்னார் நிலத்துக்கு வடக்கு. பெண்யானை ஒன்றை எல்லை நெடுக நடக்கவிட்டு, அது போன வழியில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். பிடி சூழ்தல் என்று அதற்குப் பெயர். யானையின் காலடியை வரி வரியாகப் பின்தொடர்ந்து எழுதிய ஆவணம் என்பதால்தான் அவற்றில் சின்னச் சின்ன வாய்க்கால் பெயர்கூடத் தப்பிப் பிழைத்தது. இன்றைய மனைப்பிரிவுப் பத்திரங்களில் நான்கு எல்லையும் மனை எண்களாகவே இருக்கின்றன.

பெயர் கிடைத்துவிட்டால் பொருள் கிடைத்துவிட்டதாக நினைப்பது இந்த வேலையில் பெரிய ஆபத்து. தரங்கம்பாடியை எடுத்துக்கொள்வோம். அலைகள் பாடும் ஊர் என்று சொல்லாத சுற்றுலா வழிகாட்டி இல்லை. தரங்கம் என்றால் அலை; கடற்கரையில் நின்று கேட்டால் பாட்டும் கேட்கும். ஆனால் அங்கே கடலோரத்தில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலின் 14ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்கிறது. பாடி என்றால் குடியிருப்பு. 1620இல் டேனிஷ்காரர்கள் வந்து கோட்டை கட்டி அவர்கள் நாக்குக்கு ஏற்ப டிரங்கபார் ஆக்கினார்கள். சடங்கன் தரங்கமாகி, அலை பாட்டாகி, கேட்கிறவர்கள் எல்லோரும் மயங்கிவிட்டார்கள். அழகான பொருள் கிடைக்கும்போதெல்லாம் நான் ஒரு தடவை கூடுதலாகக் கல்வெட்டைப் புரட்டுவேன். அதற்காக அலைப்பாட்டுக் கதையை வீசிவிடவும் கூடாது. ஒரு ஊரார் தங்கள் ஊரை எப்படி நினைத்துக்கொள்ள விரும்பினார்கள் என்பதும் வரலாறுதான். அதை அந்தப் பெயரின் பிறப்பு என்று மட்டும் சொல்லக் கூடாது.

காக்கக் கூடாத பெயர்களும் உண்டு. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் வரி நீக்கிய நிலங்களைச் சொல்லும்போது கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று வரிசைப்படுத்துகின்றன. அந்தக் காலத்தில் பிராமணர்களின் சதுர்வேதிமங்கலங்களிலும் தெருப்பகுதிகளுக்குச் சேரி என்றுதான் பெயர். பின்னால் அந்தச் சொல்லை ஒதுக்கப்பட்டவர்களின் தலையில் மட்டும் சுமத்தினார்கள். அதன் இடத்தில் வந்த காலனி என்ற சொல்லும் அதே இழிவை ஏற்றுக்கொண்டது. காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். நியாயமான முடிவு. முகவரி எழுதும்போதெல்லாம் அவமானப்படவேண்டும் என்று யாரையும் கேட்க எந்த ஆய்வாளருக்கும் உரிமை கிடையாது. பழைய பெயர் ஆவணக் காப்பகத்தில் இருக்கட்டும். தீண்டாச்சேரி என்று கல்லில் வெட்டியிருப்பதால்தான் ஆயிரம் ஆண்டுக்கு முன்னும் இந்தக் கொடுமை இருந்தது என்று நம்மால் சான்று காட்ட முடிகிறது.

கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து கிழக்கே வந்தால் வடவாறு. கீழணையில் பிரிந்து வீராணம் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கால்வாய். கல்வெட்டில் இது மதுராந்தக வடவாறு. மதுராந்தகன் என்ற அரச பட்டம் உதிர்ந்துவிட்டது. வடக்கே ஓடும் ஆறு என்ற விவசாயியின் சொல் நின்றுவிட்டது. பாலத்தில் நின்றபோது தண்ணீர் கரையைத் தொட்டு ஓடியது. சம்பா அறுவடைக்கு நின்ற வயல்கள் இரு பக்கமும்.

வீராணமும் தேய்ந்த பெயர்தான். வீரநாராயணன் என்பது 907 முதல் 955 வரை ஆண்ட முதலாம் பராந்தகனின் பட்டம். வீரநாராயணன் ஏரி வீராணம் ஏரி ஆனது. கரையில் இருந்த வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் இன்று காட்டுமன்னார்கோயில். காட்டில் இருந்த மன்னனார் கோயில் என்று சிலர் சொல்வார்கள். வைணவர்கள் அதை ஏற்கமாட்டார்கள். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர் இது. தொலைந்துபோன பாசுரங்களுக்கு வழியைக் காட்டிக் கொடுத்த பெருமாள் என்பதால் காட்டும் மன்னனார் என்பார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அவசரம் எனக்கில்லை. பராந்தகனின் பெயரோ 2004 முதல் புது வீராணம் திட்டக் குழாய் வழியாகச் சென்னைக்கும் போய்விட்டது. வீராணம் தண்ணி வருதா என்று அங்கே கேட்கிற யாருக்கும் அது ஒரு சோழனின் பட்டம் என்று தெரியவேண்டிய அவசியமும் இல்லை. பெயர் வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஏரிக்கரையில் நான் தேடிப் போனது வேறு பெயர்களை. செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை, வெள்ளியங்கால் ஓடை. முதல் இரண்டும் ஏரிக்கு வெள்ளம் கொண்டுவருபவை, மூன்றாவது மிகைநீரை வெளியேற்றுவது. செங்கால் ஓடை ஜெயங்கொண்டம் பக்கத்துச் செம்மண் மேட்டிலிருந்து இறங்கி வருகிறது. ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் இந்தப் பெயர்கள் செய்தித்தாளில் வந்துவிடும்; எந்த ஓடையில் எத்தனை கன அடி என்று நீர்வளத் துறை கணக்குச் சொல்லும். மதகடியில் ஷட்டர் பார்த்துக்கொண்டிருந்த கரைக்காவலர் ஓடைகளையும் மதகுகளையும் வரிசையாக ஒப்பித்தார். எப்படி இவ்வளவும் நினைவிருக்கிறது என்று கேட்டேன். "மழை நேரத்துல ராத்திரி போன் வரும் சார். பேர மாத்திச் சொல்லிட்டா ஊரு முழுவிடும்" என்றார்.

தப்பிய பெயர்களுக்கும் தொலைந்த பெயர்களுக்கும் உள்ள வேறுபாடு அந்தப் பதிலில் இருக்கிறது. வெள்ளம் வரும் வரைக்கும் ஓடைக்குப் பெயர் வேண்டும். வயலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எண் போதும் என்று ஆகிவிட்டது. 2020இல் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் பெயர்களை ஆங்கிலத்தில் எப்படி எழுதவேண்டும் என்று ஆணை வெளியிட்டது. கோயம்புத்தூருக்கு எத்தனை எழுத்து, வேலூருக்கு எத்தனை எழுத்து என்று நாடே பேசியது. சில நாட்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். அந்த விவாதத்தில் செலவான மையில் ஒரு பங்கு போதும், ஒரு வட்டத்தின் வயற்பெயர்களை எழுதி முடிக்க.

அதற்குப் புதிதாக ஒரு துறை தொடங்கவேண்டியதில்லை. ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலர் கையிலும் ஊர் நிலங்களைப் புல எண்வாரியாகக் குறித்த அ-பதிவேடு இருக்கிறது. அதன் கடைசிப் பத்தியின் தலைப்பு குறிப்பு. புறம்போக்கு நிலம் என்றால் அதில் வாய்க்கால், குளம், மயானம் என்று எழுதுவார்கள். பட்டா நிலங்களுக்கு நேரே பெரும்பாலும் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் வயலின் பெயரை எழுதச் சொல்லி வருவாய்த் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். கேட்டு எழுதவேண்டியவர்கள் எழுபது, எண்பது வயதுக்காரர்கள், நாற்று நட்டுக் களையெடுத்த பெண்கள் அதிலும் முதலில். எந்தத் தாக்குக்கு நடவுக்குப் போனோம் என்று அவர்களுக்குப் பெயரோடுதான் நினைவு. காட்டுமன்னார்கோயில் வட்டத்தில் வடவாற்றுப் பாசன ஊர்களில் தொடங்கினால் அடுத்த சம்பா நடவுக்கு முன் முடித்துவிடலாம்.